உலோகத்தூளில் செய்தால் கழிவே இல்லையா?

கேள்வி கேட்டவர் சொன்னது சுருக்கமாக இதுதான். அவர் சிறிய மெஷினிங் பட்டறை நடத்துகிறார். பெரிய வாடிக்கையாளர் ஒருவர், பாகம் ஒன்றுக்கு எவ்வளவு கார்பன் என்று கணக்குக் கேட்க ஆரம்பித்திருக்கிறார். ஒரு கண்காட்சியில், உலோகத்தூளை லேசரால் உருக்கி அச்சிடும் இயந்திரம் விற்பவர், "இதில் கழிவே கிடையாது, அதனால் இதுதான் பசுமை உற்பத்தி" என்று சொல்லியிருக்கிறார். அது உண்மையா, லேத்தை ஓரங்கட்டிவிட்டு அந்தப் பக்கம் போகலாமா, இல்லாவிட்டால் கடையும்போது விழுந்து மூலையில் குவிந்து கிடக்கும் உலோகச் சீவலையே அரைத்துத் தூளாக்கிக்கொள்ள முடியுமா என்று மூன்று கேள்விகள். மூன்றுக்கும் அடியில் இருப்பது ஒன்றே என்று எனக்குப் படுகிறது: சீவல் விழாமல் செய்துவிட்டால் மட்டும் போதுமா? போதாது. ஆனால் ஏன் போதாது என்பது உலோகத்துக்கு உலோகம் மாறும். விற்க வருபவர்கள் விட்டுவிடுவது அந்தப் பகுதியைத்தான்.

நான் எங்கே நின்று பேசுகிறேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன். பதினெட்டு வருடம் இரும்புத்தூள், பிரஸ், உலை என்றே போனது. அச்சிடும் இயந்திரங்களோடு பழக்கம் தூள் பரிசோதனைக்கூடம் வழியாகத்தான். அவற்றை நானே ஓட்டியதில்லை. ஆகவே பிரஸ் பக்கம் சொல்வதை அனுபவமாகவும், அச்சுப் பக்கம் சொல்வதைப் படித்ததும் பரிசோதித்ததுமாகவும் எடுத்துக்கொள்ளுங்கள்.

உலோகத்தூள் என்று ஒரே பேரில் சொன்னாலும் இவை இரண்டு தனித்தனித் தொழில்கள். பழையது பிரஸ்ஸும் உலையும். இரும்புத்தூளில் முக்கால் சதவீதம் அளவுக்கு மெழுகு கலந்து, பாகத்தின் வடிவில் குடைந்த டைக்குள் கொட்டி, 400 முதல் 700 மெகாபாஸ்கல் அழுத்தத்தில் அமுக்கினால், பல்சக்கரமோ புஷ்ஷோ அதனதன் வடிவிலேயே வெளியே வரும். அந்த நிலையில் அதைக் 'கிரீன்' என்போம். பார்க்க இரும்பு மாதிரியே இருக்கும்; ஆனால் மெல்லிய பாகமாக இருந்தால் சாக்பீஸ் போல விரலாலேயே முறித்துவிடலாம். புதிதாக வேலைக்கு வருபவர்கள் எல்லாரும் ஒரு முறையாவது முறித்துப் பார்ப்பார்கள். நானும் பார்த்தேன். அப்புறம் 1120 டிகிரி செல்சியஸ் உலையில் ஏறக்குறைய அரை மணி நேரம். இரும்பு உருகுவது 1538 டிகிரியில். அதற்கு வெகு முன்பாகவே துகள்கள் தொட்டுக்கொண்டிருக்கும் இடங்களில் ஒன்றோடொன்று பிணைந்துவிடும். இதுதான் சின்டரிங். போட்ட தூளில் 95 சதவீதத்துக்கு மேல் பாகமாகவே வெளியே வரும். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை, எடைத்தட்டில் வைத்துப் பார்த்தது.

புதியது, அச்சிடுதல். மாவு பரப்பியது போல மெல்லிய தூள் படுகை. அதன் மேல் லேசர் கோடு போட்டு உருக்கும். மறுபடி ஒரு படலம், மறுபடி கோடு. இரண்டுக்கும் தூளே வேறு. நுண்ணோக்கியில் வைத்தால் ஒரு பார்வையில் தெரிந்துவிடும். பிரஸ்ஸுக்கு வரும் இரும்புத்தூள் கோணல்மாணலாக, கரடுமுரடாக இருக்கும். உருகிய எஃகின் மேல் தண்ணீரை அதிவேகமாகப் பீய்ச்சிச் சிதறடித்துச் செய்வது அது. அந்தக் கோணல்தான் அதன் பலம்: அமுக்கும்போது ஒன்றையொன்று கவ்விக்கொள்ளும். அச்சுக்கு வரும் தூளோ கோலிக்குண்டு போல உருண்டை. தண்ணீருக்குப் பதில் ஆர்கானோ நைட்ரஜனோ பீய்ச்சுவார்கள். துளி உறைவதற்கு முன் உருண்டு திரள நேரம் கிடைக்கும். படுகையில் சீராகப் பரவ அந்த உருண்டை வடிவம் வேண்டும்.

இங்கிருந்தே கணக்கு பிரிய ஆரம்பிக்கிறது. தண்ணீரில் சிதறடித்த இரும்புத்தூள் பெரும்பாலும் பழைய எஃகு ஸ்கிராப்பை மின்வில் உலையில் உருக்கிச் செய்வது. காந்தக்கல் தாதுவைக் கரியோடு சுட்டுச் செய்யும் இன்னொரு வழியும் உண்டு. அதற்குக் கார்பன் கூடுதல். வாயு வழியில் வேறு ஒரு தொல்லை: வருகிற தூள் ஒரே அளவில் வராது. லேசர் இயந்திரத்துக்கு வேண்டியது சுமார் 15 முதல் 45 அல்லது 60 மைக்ரான் வரை உள்ள பகுதி மட்டும். அதைவிடப் பொடியானதும் பெரியதும் வேறு வேலைகளுக்கு விற்றால்தான் உண்டு. வாங்க ஆள் இல்லாவிட்டால் மறுபடி உருக்கு உலைக்குள் போகும். கூடவே ஆர்கான். காற்றில் அது ஒரு சதவீதம்கூட இல்லை. காற்றைத் திரவமாக்கிப் பிரித்துத்தான் எடுக்க வேண்டும். "கழிவில்லை" என்று சொல்பவர் தன் இயந்திரத்துக்குள் தூள் கொட்டிய நொடியிலிருந்து எண்ணுகிறார். தூள் ஆலையில் நடந்தது அவர் கணக்கில் இல்லை.

சரி, எண்ணுக்கு வருவோம். எஃகை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு கிலோ பாகத்துக்காக நீங்கள் இரண்டு கிலோ கம்பியைக் கடைகிறீர்கள், ஒரு கிலோ சீவலாக விழுகிறது. மனசு அடித்துக்கொள்ளும். ஆனால் அந்தச் சீவல் ஸ்கிராப்காரர் வழியாக மின்வில் உலைக்குப் போனால், திரும்ப உருகி எஃகாக டன்னுக்குச் சுமார் 400 யூனிட் மின்சாரம் பிடிக்கும். அதாவது கிலோவுக்கு அரை யூனிட்டுக்கும் குறைவு. உருட்டி மறுபடி கம்பியாக்குவது, ஏற்றி இறக்குவது எல்லாம் சேர்த்தாலும் ஒற்றை இலக்கத்தைத் தாண்டாது. இப்போது அச்சு இயந்திரம். ஒரே லேசர் உள்ளது மணிக்குப் பத்திலிருந்து இருபது கன சென்டிமீட்டர் கட்டும் என்று வைத்தால், அது 80 முதல் 160 கிராம் எஃகு. லேசர், அதைக் குளிர்விக்கும் சில்லர், வாயுவைச் சுழற்றும் விசிறி, பாகம் உட்காரும் தட்டைச் சூடாக வைக்கும் ஹீட்டர் எல்லாம் சேர்ந்து 3 கிலோவாட் இழுக்கிறது என்றால், ஒரு கிலோ பாகம் முடிவதற்குள் 20 முதல் 40 யூனிட் ஓடியிருக்கும். பாகத்தைத் தாங்குவதற்காகக் கூடவே அச்சிட்ட கால்களை வெட்டுவது, தட்டிலிருந்து அறுத்தெடுப்பது, இறுக்கம் போக்கச் சூடேற்றுவது இவையெல்லாம் தனி. சில யூனிட் பெறுமான சீவலை மிச்சம் பிடிக்க முப்பது யூனிட் செலவு. சாதாரண எஃகுப் பாகத்துக்கு இந்தப் பேரம் எந்தக் கோணத்தில் பார்த்தாலும் படியாது.

அதே கேள்வியை டைட்டானியத்திடம் கேளுங்கள், பதில் தலைகீழாகும். டைட்டானியத்தைத் தாதுவிலிருந்து எடுப்பது பெரும்பாடு. குளோரினோடு சேர்த்து வாயுவாக்கி, மக்னீசியத்தைக் கொண்டு அதிலிருந்து குளோரினைப் பிரித்து, பஞ்சு போன்ற கட்டியாக எடுத்து, வெற்றிடத்தில் உருக்க வேண்டும். கடைசி உலோகக் கட்டி வரும்வரை ஆன மொத்த ஆற்றலை யூனிட்டில் சொன்னால் கிலோவுக்கு நூறுக்கும் மேல் நிற்கும். விமானப் பாகங்களில் பத்துக் கிலோ கட்டியைக் கடைந்து ஒரு கிலோ பாகம் எடுப்பது சர்வ சாதாரணம். விழுகிற சீவலிலும் ஆக்சிஜனும் வெட்டு எண்ணெயும் ஏறிவிடுவதால், அது மறுபடி விமானத் தரத்துக்கு வருவது லேசில்லை. அங்கே ஒன்பது கிலோவைக் காப்பாற்ற இயந்திரம் முப்பது நாற்பது யூனிட் தின்றால் தின்னட்டும். அலுமினியம் நடுவில் நிற்கிறது. தாதுவிலிருந்து எடுக்கக் கிலோவுக்குச் சுமார் 14 யூனிட் மின்பகுப்புக்கே வேண்டும். சீவலை உருக்கினால் மொத்தத்தில் இருபதில் ஒரு பங்குதான். எனவே அலுமினியச் சீவலை ஒழுங்காகச் சேர்த்து விற்கிறவர் ஏற்கெனவே பெரும்பகுதியைச் சாதித்துவிட்டார்.

"மிஞ்சிய தூளைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தலாமே" என்பது அடுத்து வரும் வாதம். பாதி உண்மை. படுகையில் உருகாத தூளைச் சலித்து மறுபடி போடுகிறார்கள், போட வேண்டும். ஆனால் ஒவ்வொரு சுற்றிலும் லேசர் அடித்த இடத்திலிருந்து தெறித்த துளிகள் அதில் விழுகின்றன. கொஞ்சம் ஈரம் ஏறுகிறது. கொஞ்சம் ஆக்சிஜன் ஏறுகிறது. விமானத்திலும் எலும்பு வைத்தியத்திலும் பழகும் டைட்டானியக் கலவையில், 6 சதவீதம் அலுமினியமும் 4 சதவீதம் வனேடியமும் சேர்ந்ததில், ஆக்சிஜன் 0.20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. இன்னும் தூய்மையான வகைக்கு எல்லை 0.13. ஏறிய ஆக்சிஜன் எளிதில் இறங்காது. புதுத் தூள் கலந்து ஓட்டிக் காலம் தள்ளலாம், அவ்வளவுதான். எங்கள் பரிசோதனைக்கூடத்துக்கு வந்த ஒரு மாதிரி இன்னும் நினைவில் இருக்கிறது. வழக்கமான சோதனை, 50 கிராம் தூளை 2.5 மில்லிமீட்டர் துளை உள்ள புனலில் ஊற்றி எத்தனை நொடியில் இறங்குகிறது என்று பார்ப்பது. நல்ல இரும்புத்தூள் 25, 30 நொடியில் இறங்கிவிடும். இது அலுமினியத்தூள், பல முறை சுற்றியது. புனலில் ஊற்றினேன், இறங்கவே இல்லை. விளிம்பில் லேசாகத் தட்டியதும் ஒரு கட்டி விழுந்தது, மறுபடி அடைத்துக்கொண்டது. உலர்த்தின பிறகு பரவாயில்லாமல் ஓடியது. ஆனால் அதை அனுப்பியவர் "நாங்கள் ஒரு கிராம்கூட வீணாக்குவதில்லை" என்று காகிதத்தில் எழுதியிருந்தார். வீணாக்காமல் வைத்திருப்பது வேறு, வேலைக்கு ஆகும்படி வைத்திருப்பது வேறு.

அப்படியானால் அச்சிடுவதே வீண் என்றும் சொல்ல மாட்டேன். பாகம் எங்கே வேலை செய்யப் போகிறது என்பதைப் பொறுத்து எல்லாம் மாறும். அடிக்கடி சொல்லப்படும் உதாரணம் லீப் விமான எஞ்சினின் எரிபொருள் நாசில் முனை. சுமார் 20 துண்டுகளைச் சேர்த்து ஒட்டிச் செய்ததை ஜிஇ நிறுவனம் ஒரே பாகமாக அச்சிட்டது. எடை கால் பங்கு குறைந்தது. பறக்கிற பொருளில் குறைந்த எடை, அது வேலை செய்யும் ஆண்டுகள் முழுக்க எரிபொருளை மிச்சம் பிடிக்கும். உள்ளுக்குள் வளைந்து நெளியும் குளிர்வழிகளை அச்சிட்ட பிளாஸ்டிக் மோல்டும் அப்படித்தான். ஒவ்வொரு சுற்றிலும் சில நொடி குறைந்தால் லட்சக்கணக்கான சுற்றில் அது பெரிய தொகை. ஆனால் தரையில் போல்ட் போட்டு நிறுத்திய பம்பின் மூடி நூறு கிராம் இளைத்தால் யாருக்கு லாபம்? என் கண்ணுக்கு, தூளின் மிகச் சுத்தமான உபயோகம் இன்னொன்று: பழுது பார்ப்பது. தேய்ந்த தண்டின் மேலோ டர்பைன் தகட்டின் நுனியிலோ வேண்டிய இடத்தில் மட்டும் தூளை உருக்கி ஏற்றுவது. அல்லது 1980-களில் நோவசிபிர்ஸ்க்கில் கண்டுபிடித்த குளிர் தெளிப்பு முறையில், உருக்காமலே நொடிக்கு அரை கிலோமீட்டருக்கும் மேலான வேகத்தில் அடித்து ஒட்ட வைப்பது. நூறு கிராம் தூளில் நாற்பது கிலோ தண்டு பிழைக்கிறது. இதைப் பற்றிக் கண்காட்சிகளில் யாரும் சத்தம் போடுவதில்லை.

என் தொழிலைப் பற்றியும் நேர்மையாகச் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் பிரஸ் விற்க வந்தவன் போலாகிவிடும். சின்டரிங் உலையில் பாகம் துருப்பிடிக்காமல் இருக்க நைட்ரஜனில் 5, 10 சதவீதம் ஹைட்ரஜன் கலந்து விடுகிறோம். ஹைட்ரஜன் என்றாலே சுத்தம் என்ற எண்ணம் பரவிவிட்டது. இன்று உலகில் கிடைக்கும் ஹைட்ரஜனில் பெரும்பங்கு இயற்கை எரிவாயு, நிலக்கரி இவற்றிலிருந்து எடுத்ததுதான், எடுக்கும்போதே கார்பன் வெளியாகிவிடுகிறது. உலை வேறு வகைப் பிரச்சினை. அது அணையாது. அணைத்துச் சூடேற்றினால் மஃபிள் என்ற உள் உலோகக் கூடும் செங்கலும் கெடும் என்பதால், வேலை இருக்கிறதோ இல்லையோ எரிந்துகொண்டே இருக்கும். நான் வேலை பார்த்த ஓர் இடத்தில் இரவு ஷிப்டில், பாகங்களை உலைக்குள் கொண்டுபோகும் பெல்ட்டின் மேல் பாதி இடம் காலியாகவே போகும். மீட்டர் பொருத்திப் பார்த்தபோது, நிறைந்த பெல்ட்டுக்கும் பாதி பெல்ட்டுக்கும் மின்சாரத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. அதாவது இரவில் செய்த பாகம் ஒவ்வொன்றும் ஏறக்குறைய இரட்டிப்பு மின்சாரம் சாப்பிட்டிருக்கிறது. ஏற்றுகிற வரிசையை மாற்றி, இரண்டு இரவு வேலையை ஓர் இரவில் அடக்கி, மற்ற இரவில் வெப்பத்தைக் கொஞ்சம் இறக்கி வைத்தோம். புது இயந்திரம் எதுவும் வாங்கவில்லை.

இதைவிட எனக்கு உறுத்தலானது செம்பு. பிரஸ் பாகங்களில் வெகுவாகப் பயன்படும் கலவை, இரும்போடு 2 சதவீதம் செம்பும் முக்கால் சதவீதம் கார்பனும். செம்பு 1085 டிகிரியில் உருகித் துகள்களுக்கு இடையே ஊறிப் பாகத்துக்கு நல்ல வலுவைத் தரும். ஆனால் அந்தப் பாகம் பொருத்திய வண்டி பழையதாகி ஸ்கிராப்புக்குப் போகும்போது அந்தச் செம்பும் எஃகு உலைக்குள் போகிறது. அங்கே அதை வெளியேற்ற வழியில்லை. ஆக்சிஜன் ஊதினால் இரும்புதான் முதலில் எரியும், செம்பு அசையாது. அது சேரச் சேர, உருட்டும்போது எஃகின் மேற்பரப்பில் விரிசல் விடும். பிரஸ் பாகம் மட்டும் காரணம் இல்லை, வண்டியில் ஓடும் மோட்டாரும் ஒயரும்தான் பெரிய குற்றவாளிகள். இருந்தாலும் "நூறு சதவீதம் மறுசுழற்சி ஆகும்" என்று எங்கள் தொழில்காரர்கள் எழுதும்போது எனக்குக் கூச்சமாக இருக்கும். செம்புக்குப் பதில் குரோமியம், மாலிப்டினம் சேர்ந்த தூள்கள் இருக்கின்றன. அவற்றுக்கு உலையின் வாயு இன்னும் சுத்தமாக இருக்க வேண்டும்.

நிலைத்த உற்பத்தி என்று பேசுகிறவர்கள் தூசியை மறந்துவிடுகிறார்கள். டைட்டானியத்தூளும் அலுமினியத்தூளும் பற்றிக்கொள்ளும் என்பது பலருக்குத் தெரியும். இரும்புத்தூளும் எரியும் என்றால் சிரிப்பார்கள். 2011-இல் அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் கல்லாட்டின் என்ற ஊரின் இரும்புத்தூள் ஆலையில் ஜனவரிக்கும் மே மாதத்துக்கும் இடையே மூன்று தீவிபத்துகள் நடந்தன. ஐந்து தொழிலாளிகள் இறந்தார்கள். ஆலைக்குள் படிந்திருந்த இரும்புத் தூசி கிளம்பிப் பற்றிக்கொண்டது. தூள் வேலைக்குள் வர நினைக்கிறவர் முதலில் வாங்க வேண்டியது பொறி பறக்காத வேக்யூமும், உலோகத் தீக்கென்று தனியாக வரும் தீயணைப்பானும். கம்பிரசர் காற்றால் தரையைச் சுத்தம் செய்யும் பழக்கம் இருந்தால் அன்றே நிறுத்துங்கள்.

எது உறுதி, எது இழுபறி என்று பிரித்துச் சொல்கிறேன். பிரஸ் பாகத்தில் பொருள் விரயம் மிகக் குறைவு என்பதும், ஆயிரக்கணக்கில் ஒரே பாகம் வேண்டுமானால் அது மின்சாரத்திலும் மிச்சம் என்பதும் உறுதி. சாதாரண எஃகில், சீவலை மிச்சம் பிடிப்பதற்காகவே அச்சிடுவது நஷ்டம் என்பதும் உறுதி. இழுபறியானது அச்சிட்ட பாகத்தின் கார்பன் எண். ஆய்வுகளில் கிலோவுக்குச் சில பத்து யூனிட் என்றும் பார்ப்பீர்கள், நூறைத் தாண்டியும் பார்ப்பீர்கள். இரண்டுமே பொய்யில்லை. அறை நிறைய அடுக்கினார்களா, ஒற்றைப் பாகம் போட்டார்களா, லேசர் எத்தனை, வேண்டாத அளவுத் தூளின் சுமையை யார் தலையில் ஏற்றினார்கள் என்பதைப் பொறுத்து அது ஆடும். உங்கள் வாடிக்கையாளருக்கு எண் கொடுக்கும்போது இந்த நிபந்தனைகளையும் சேர்த்துக் கொடுங்கள். தூள் விற்பவரிடம் கேட்க வேண்டியது: தாதுவா ஸ்கிராப்பா, எந்த வாயு, எந்த மின்சாரம், மிஞ்சும் அளவுகள் எங்கே போகின்றன. ஒழுங்கான ஆலையிடம் இதற்கெல்லாம் பதில் இருக்கும்.

கடைசியாக, உங்கள் சீவல். அரைத்துத் தூளாக்க முடியுமா என்றால், முடியும். உருளையில் எஃகுக் குண்டுகளைப் போட்டு அரைத்து ஆய்வுக்கூடங்களில் செய்கிறார்கள். வார்ப்பிரும்புச் சீவல் எளிதில் நொறுங்கும். மென்மையான எஃகுச் சீவலோ நொறுங்காமல் தட்டையாகி மடிந்துகொண்டே இருக்கும். வந்த தூள் உருண்டையாக இருக்காது, வெட்டு எண்ணெய் ஒட்டியிருக்கும், நான்கு வகை எஃகு கலந்திருக்கும். அதை லேசர் இயந்திரத்துக்குள் யாரும் விடமாட்டார்கள். உங்கள் அளவுக்கு நான் செய்யச் சொல்வது வேறு: ஒவ்வோர் இயந்திரத்தின் கீழும் உலோகத்துக்கு ஒரு தொட்டி, கலவைக்கு ஒரு நிறம். எண்ணெயை வடிக்க அடியில் துளைத்தட்டு. இப்போது எல்லாவற்றையும் ஒரே குவியலாகத்தானே தள்ளுகிறீர்கள்? ஸ்டெயின்லெஸும் சாதா எஃகும் கலந்த குவியலுக்கு ஸ்கிராப்காரர் மட்டமான விலைதான் போடுவார், உலைக்காரரும் அதை மட்டமான எஃகாகத்தான் உருக்குவார். பிரித்துக் கொடுத்தால் ஸ்டெயின்லெஸில் உள்ள நிக்கலும் குரோமியமும் ஸ்டெயின்லெஸாகவே திரும்பும். ஒரு மாதம் எடை போட்டுப் பாருங்கள், அந்த எண்ணை வாடிக்கையாளரிடம் முதலில் காட்டுங்கள்.